எட்டு வட்டங்கள்

"நம்ம ஆசைய அவ மேல திணிக்கக் கூடாது" என்று மனைவி சொன்னது பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் பேருந்தில்.

"நான் எங்க திணிக்கறேன்?" என்றார் அவர்.

"இன்னும் திணிக்கல. இனிமே திணிப்பீங்க. உங்க முகத்துல எழுதியிருக்கு."

"உன் முகத்துல?"

"என் முகத்துலயும்தான். அதனாலதான் சொல்றேன். பாப்பாவே முடிவு பண்ணட்டும். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. நமக்குள்ளயும் அதப் பத்திப் பேசக் கூடாது. பேசினா நம்ம ஆசை எப்படியாவது உள்ள நுழைஞ்சிடும்."

"பேசல" என்றார் அவர். இரண்டு பேரும் முன் இருக்கையின் கம்பியில் கை வைத்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். ஓடுகிற பேருந்தில் வேறு எதன் மேல் கை வைப்பது?

பத்து நாள் கழித்து, பள்ளி ஆலோசகர் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தவறு எங்கே நடந்தது என்று அவர் தேடியபோது இந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இருவரும் சத்தியத்தை மீறியதாகத் தெரியவில்லை. அதுதான் அவருக்குப் பிடிபடாமல் இருந்தது.

அவருக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுகிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவரை "டைம்டேபிள்" என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குப் பார்வை சோதிப்பவர். அரிசியில் எழுதிக் கொடுத்தாலும் வாசித்துவிடுவார். ஒரே மகள். பதினான்கு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். வருகிற பருவத்தில் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள்.

பேருந்தில் சத்தியம் செய்வதற்கு முன்னால், அன்று மாலை பள்ளியில் பெற்றோரை மட்டும் கூப்பிட்டு ஆலோசகர் அம்மாள் விளக்கினார். நான்கு வருடப் படிப்பு. கணக்கு, மொழி போன்றவை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் வருடத்துக்கு இரண்டு பாடம் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கலாம். ஆக மொத்தம் எட்டு வட்டங்கள். நாற்பது பாடங்களின் பட்டியலில் வேண்டிய வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கி, அடுத்த வெள்ளிக்கிழமை தாண்டிய வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால், கொடுத்ததில் குழப்பம் இருந்தால், எங்கே இடம் காலியோ அங்கே கணினி தள்ளிவிடும். போன வருடம் ரத்தத்தைப் பார்த்தாலே மயங்குகிற ஒரு மாணவியை அது முதலுதவி வகுப்பில் போட்டுவிட்டதாம். முதல் நாள் மற்றவர்கள் எல்லோரும் அவளை வைத்துத்தான் பாடம் படித்தார்களாம்.

மற்ற பெற்றோர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய படிப்பை அவருடைய அப்பா ஒரு தபால் நிலையத்தில், பசை டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே முடிவு செய்தார். மகனுக்கு என்ன பிடிக்கும் என்று அவர் கேட்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு இப்போது யாராவது கேட்டாலும் மகனுக்குப் பதில் தெரியாது. பாப்பாவுக்கு அந்த நிலைமை வரக் கூடாது. அவ்வளவுதான் அவருடைய ஆசை.

ஆகவே வீட்டுக்கு வந்ததும், பள்ளியில் கொடுத்த ஃபாரத்தை ஒரு நீலக் கோப்பில் போட்டு, ஒரு பென்சிலும் ரப்பரும் சேர்த்து, குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்தார். எப்படிக் கறுப்பாக்குவது என்று தெரியாமல் போய்விடக் கூடாதே என்று மாதிரிக்கு ஒரே ஒரு வட்டத்தை நிரப்பினார். முதல் வருடம், மரவேலை. நிரப்பியதும் நெஞ்சு உறுத்தியது. இதுவே ஒரு திணிப்பு அல்லவா? உடனே அழித்துவிட்டு, தூளை ஊதிவிட்டுக் கை கழுவினார்.

மறுநாள் காலையில், பென்சில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கோப்பைத் திறந்தார். மரவேலை வட்டம் கன்னங்கரேலென்று இருந்தது.

அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆணி எந்தப் பக்கம் கூர் என்று கேட்கிற பெண் பாப்பா. அவளுக்கு மரத்தில் என்ன? காலை உணவின்போது அவளையே கவனித்தார். அவள் மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஓகோ என்று நினைத்துக்கொண்டார்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

"வேண்டாம்மா. நீ எதையும் விளக்க வேண்டாம். அப்பாவுக்குப் புரியுது."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அலுவலகத்திலிருந்து ஆலோசகருக்குத் தொலைபேசி செய்து, பொதுவாக விசாரிப்பது போல விசாரித்தார். மரவேலை எடுக்கிறவர்கள் அதே வருடம் தொழில் வரைபடமும் எடுத்தாக வேண்டும் என்றார் ஆலோசகர். அது பாப்பாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சொல்லலாம் என்றால் சத்தியம் இருக்கிறது. டைம்டேபிள் தன் தொழில்படி யோசித்தார். எந்த ஊருக்குப் போவது என்பது பயணியின் இஷ்டம். நடுவில் மாறுவதற்கு ஒரு பேருந்து விடுவது அலுவலகத்தின் கடமை. அதைத் திணிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அன்று மாலை தொழில் வரைபடத்தைக் கறுப்பாக்கினார்.

அடுத்த நாள் இரண்டாம் வருடத்தில் ஒரு புது வட்டம் முளைத்திருந்தது. மேடை அமைப்பு.

மரம், வரைபடம், மேடை. பாப்பா நாடக மேடைக்கு வீடும் காடும் செய்யப் போகிறாள். எவ்வளவு தெளிவு என்று அவருக்குப் புல்லரித்தது. ஆனால் மேடை அமைப்பு வகுப்பு மாலை ஆறு மணி வரை நடக்கும் என்று பட்டியலின் அடியில் போட்டிருந்தது. பள்ளி வழியாகப் போகிற கடைசி நேர் பேருந்து ஐந்து ஐம்பதுக்கு. அதை அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அட்டவணை போட்டவரே அவர்தான்.

மறுநாள் அந்தப் பேருந்தை ஆறு பத்துக்கு மாற்றினார். இரண்டாம் வருடத்தில் வரப்போகிற வகுப்புக்கு இப்போதே எதற்கு என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சோதனை முயற்சி என்று கோப்பில் எழுதினார். அதற்கடுத்த நாள் மாலை, வேலை முடிந்து வந்த துணி ஆலைக்காரர்கள் எண்பது பேர் கால் மணி நேரம் நிறுத்தத்தில் நின்று, பேருந்து வராததால், நேராக நடந்து அவருடைய மேலதிகாரியைப் பார்க்கப் போனார்கள். பேருந்து பழைய நேரத்துக்குத் திரும்பியது. மேலதிகாரி இன்னும் திரும்பவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் பேசுகிறார்.

வேறு வழியில்லை. மேடை அமைப்பை அழித்து மூன்றாம் வருடத்துக்குத் தள்ளினார். ரத்து செய்யவில்லையே, தாமதம்தானே.

ஆனால் காலையில் பார்த்தால், காலியான இடத்தில் நடிப்பு உட்கார்ந்திருந்தது.

பாப்பாவுக்குக் கோபம் என்று நினைத்தார். மேடையைத் தள்ளி வைத்தீர்களா, மேடை மேலேயே ஏறுகிறேன் பாருங்கள் என்கிறாள். வீட்டில் ஒரு வார்த்தை பேசாத பெண்ணுக்குள் இத்தனை வீம்பா? அவருக்குப் பயத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. தினமும் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் கோப்பைத் திறந்தார். தன் மகளை முதல் தடவையாகப் படிக்கிறோம் என்று தோன்றியது. நடிப்புக்குத் துணையாகக் குரல் பயிற்சியைப் போட்டார். மறுநாள் பாட்டு வந்தது. பாட்டும் மரவேலையும் ஒரே நேரத்தில் மோதின. மோதலைத் தீர்க்க வானிலை அறிவியலை நடுவில் நுழைத்தார். அதற்குப் பதில் போல மீன் வளர்ப்பு வந்தது. மீன் எதற்கு என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். மழையோடு சம்பந்தப்பட்டது என்று புரிந்ததும் பாப்பாவின் புத்தியை வியந்தார்.

திரும்பத் திரும்ப அழித்ததில் மூன்றாம் வருடத்தில் ஓட்டை விழுந்தது. பின்பக்கம் கண்ணாடி ஒட்டுநாடா ஒட்டினார். மறுநாள் அதே இடத்தில் முன்பக்கமும் ஒட்டியிருந்தது, ஓரம் பிசிறில்லாமல், கத்தரித்த கண்ணாடிச் சில்லு மாதிரி. பாப்பாவுக்கு இந்த நேர்த்தி எங்கிருந்து வந்தது என்று அதையும் வியந்தார்.

ஒரு நாள் மாலை சமையலறைக்குள் போனால், மனைவி குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பால் எடுக்க வந்தேன்" என்றார்.

கையில் பால் இல்லை. அவர் கேட்கவில்லை. அவரே பென்சில் எடுக்கத்தான் வந்திருந்தார்.

பாடங்களோடு வீடும் மாறியது. அவர் ஒரு சின்ன ரம்பம் வாங்கிப் பாப்பாவின் மேசையில் வைத்தார். மனைவி ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து, கடையில் தள்ளுபடி என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, பாப்பாவின் கட்டிலுக்கு எதிரில் மாட்டினார். கடைசியாக மூன்று மீன்கள் வந்தன.

பாப்பா ரம்பத்தை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, இது எதுக்கு?"

"உனக்கே தெரியும்" என்று சிரித்தார்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் சிரித்தார். அன்று முதல் அவள் தன் அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூங்கினாள். ரம்பத்தைக் காலால் அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை "அம்மா, ஒண்ணு" என்று ஆரம்பித்தாள். "உன் இஷ்டம்டா கண்ணு" என்று அம்மா தலையைத் தடவி அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை அவரே ஃபாரத்தைக் கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுத்தார். வியாழக்கிழமை அது கணினிக்குள் போகவில்லை என்று தொலைபேசி வந்தது. எட்டு இடத்துக்குப் பதினைந்து பாடம் இருக்கிறதாம். நான்காம் வருடத்தில் மதியச் சாப்பாட்டுக்கே நேரம் இல்லையாம்.

"பரவாயில்லை சார்" என்றார் ஆலோசகர். "நாளைக்கு மூணு பேரும் வாங்க. எனக்கு உங்க பொண்ணப் பாத்தே ஆகணும்."

அப்படித்தான் அவர் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். மணி மூன்று. நான்கு மணியோடு கெடு முடிகிறது. நடைபாதையில் வேறு பெற்றோர் யாரும் இல்லை. எல்லோரும் எப்போதோ கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாப்பா தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

மனைவி அவர் பக்கம் சாய்ந்தார். "குடுத்தாச்சே. இனிமே பேசலாம்ல?"

"பேசலாம்னுதான் நினைக்கறேன்."

"மனசு கேக்கல, சொல்லிடறேன். முதல் நாள் பாப்பா மரவேலைய லேசாப் போட்டு அழிச்சிருந்தா. வேற யார் கண்ணுக்கும் தெரியாது, எனக்குத் தெரிஞ்சுது. நமக்குப் பயந்துட்டா போல, பாவம். நான்தான் திரும்ப அழுத்திக் கறுப்பாக்கினேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அழிச்சது..." என்று ஆரம்பித்தார். போகட்டும், முதல் வட்டம் ஒன்றுதானே. மற்றதெல்லாம் பாப்பாவுடையது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மனைவியும் அதற்கு மேல் எதையோ சொல்ல வாயெடுத்து, கைப்பையின் பட்டனைத் திறந்து திறந்து மூடினார். அதற்குள் கதவு திறந்து, உள்ளே வரச் சொன்னார்கள். பாப்பாவும் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

ஆலோசகர் அம்மாள் ஃபாரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். ஜன்னல் வெளிச்சம் ஓட்டைக்குள் நுழைந்து மேசையில் விழுந்தது. பத்தொன்பது வருடமாக இந்த நாற்காலியில் இருப்பதாகவும், டாக்டராக வேண்டும் என்பவர்களையும் எதுவும் வேண்டாம் என்பவர்களையும் ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பதாகவும், ஆனால் மரத்தில் ஆரம்பித்து மேடையில் ஏறிப் பாடி மழை பெய்வித்து மீனில் போய் முடிகிற ஒரு பிள்ளையை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னார். கேலி இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாப்பாவை ஆசையாகப் பார்த்தார்.

"எல்லாம் அவளே யோசிச்சதுங்க" என்றார் அவர். தன் குரல் தனக்கே கொஞ்சம் மெலிந்து கேட்டது. "நாங்க ஒரு வார்த்தை கேக்கல."

"கேக்கவே இல்ல" என்றார் மனைவி.

"அப்ப நான் கேக்கறேன்" என்று ஆலோசகர் ஃபாரத்தைப் பாப்பாவின் பக்கம் திருப்பி வைத்தார். "இதுல எந்த எட்டு வேணும்? நீ சொல்றததான் நான் போடுவேன். அம்மா அப்பா ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

பாப்பா ஃபாரத்தைப் பார்த்தாள். ஓட்டையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். இந்தப் பத்து நாளில் முதல் முறையாக இரண்டு பேரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இத நான் இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன், மேடம்" என்றாள். "எங்க வகுப்புல எல்லாருக்கும் வீட்டுல குடுத்தாங்களே ஒரு ஃபாரம், எனக்கும் அது ஒண்ணு கிடைக்குமா?"