முப்பத்தெட்டில் நின்ற கோடு

கைப்பேசித் திரையில் பச்சைக் கோடு சுழியத்தில் படுத்துக் கிடந்தது. ஜனகராஜ் தேநீரை ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை அது அசையவில்லை. பிறகு ஒரே தாவலில் நூறைத் தொட்டு, ‘உங்கள் கல்யாண வீடியோ தயார்’ என்று அறிவித்தது.

“ஏம்மா ரம்யா, இது கோடா, தவளையா?” என்றார் அவர்.

ரம்யாஸ்ரீ கைப்பேசியை வாங்கிக்கொண்டு மீண்டும் கணினியின்முன் அமர்ந்தாள்.

மதுரைப் புறவழிச்சாலையில், ஒரு பல் மருத்துவமனையின் மேல்மாடியில் இயங்கிய சிறு மென்பொருள் நிறுவனம் அது. ஜனகராஜ் முதலாளி; நிரல் எழுதுபவள் ரம்யாஸ்ரீ. வண்டியூரிலும் உசிலம்பட்டிப் பக்கத்திலும் ஸ்டுடியோ நடத்தும் ஒச்சாயி அம்மாள் ஒரு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். கல்யாணப் படங்களை ஏற்றிவிட்டால், எங்கோ இருக்கும் சர்வர் அவற்றைக் கோத்துப் பாட்டுச் சேர்த்து வீடியோவாக்கும். அதற்குள் இரு வீட்டாரும் மாறி மாறிப் போன் போட்டு, எவ்வளவு முடிந்திருக்கிறது என்று கேட்டு உயிரை வாங்குகிறார்கள். ஆகவே, வேலை நடக்க நடக்க அதன் அளவை அவரவர் கைப்பேசியிலேயே காட்டும் கோடு ஒன்று வேண்டும்.

வெள்ளிக்கிழமை அதை நேரில் காட்டியாக வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் அலுவலகத்தை இழுத்து மூடிவிட்டுத் தம்பியின் சுங்கடிச் சேலைக் கடையில் உட்காரப் போவதாக ஜனகராஜ் சொல்லியிருந்தார்.

ரம்யாஸ்ரீ முதல் வைத்தியம் செய்தாள். நொடிக்கு நொடி ‘எவ்வளவு ஆயிற்று?’ என்று கைப்பேசியே சர்வரைக் கேட்குமாறு எழுதினாள். சோதனைக்காக அலுவலகத்திலிருந்த எல்லாக் கைப்பேசிகளும் சேர்ந்து கேட்டன. பதில் சொல்வதற்கே பொழுது சரியாயிருந்தமையால், சர்வர் வீடியோ செய்வதை அறவே நிறுத்திவிட்டது.

“சம்பந்தி வீட்டுக்காரங்ககூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டாங்கம்மா.”

“சரி சார். கேக்குறதை நிறுத்திடுவோம். அதுவா சொல்லட்டும்.”

தொலைபேசியைக் கீழே வைக்காமல் ஒருவர் பேசிக்கொண்டேயிருக்க, மற்றவர் கேட்டுக்கொண்டேயிருப்பது போன்ற ஏற்பாடு அது. சர்வரும் ஒழுங்காகத்தான் பேசியது. ஆனால், இடையில் காவல் நின்ற வேறொரு நிரல் அந்தச் சொற்களையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே கட்டாகக் கொடுத்தது. மறுபடியும் தவளை!

அந்தக் காவலனைக் கண்டுபிடித்து வழிக்குக் கொண்டுவருவதற்குள் அவளுக்கு ஒரு பகல் முழுதும் போயிற்று. அதன்பின் கோடு ஒவ்வொன்றாக ஏறிற்று. மகிழ்ச்சி தாளாத ஜனகராஜ், கீழேயிருந்த பல் மருத்துவரிடம் காட்டுவதற்காகக் கைப்பேசியுடன் படியிறங்கினார். படிக்கட்டில் சிக்னல் அறுந்து, கீழ்ப்படியில் மீண்டும் ஒட்டிக்கொண்டது. சர்வர் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கியது. அறுபதுடன் இறங்கியவர் ஆறுடன் திரும்பி வந்தார்.

“பின்னால போகுதும்மா! பாக்குறவுக கல்யாணமே நின்னுபோச்சுன்னு நெனைக்க மாட்டாங்களா?”

அதையும் அவள் திருத்தினாள். விட்ட இடம் எதுவென்று கைப்பேசியே நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி செய்தாள். இனிக் குறையென்று ஒன்றும் இல்லை. ஆயினும், பாட்டுச் சேர்க்கும் கட்டத்தில் சர்வர் மூச்சு வாங்கியது. அப்போது முப்பதுக்குமேல் ஓரிடத்தில் கோடும் சற்று நின்றது.

“நிக்கக் கூடாதும்மா.”

“வேலை நிக்குது சார். அதான் கோடும் நிக்குது.”

“உள்ள நடக்குறது யாருக்குத் தெரியப்போவுது? அது பாட்டுக்கு ஓடட்டும்னு எழுதிவிடேன்.”

“ஓடாததை ஓடுதுன்னு எழுத எனக்குக் கை வராது.”

“சம்பளம் வாங்க மட்டும் வருமாக்கும்?”

“வரும். ராஜினாமா எழுதவும் வரும். எழுதட்டுமா?”

கோபம் வந்தால் ஜனகராஜ் வீட்டுமொழியான சௌராஷ்டிரத்தில் பொழியத் தொடங்கிவிடுவார். ரம்யாஸ்ரீயும் அம்மொழிக்காரியே; ஆதலால் அதிலேயே திருப்பிக் கொடுத்தாள். மற்ற ஊழியர்களுக்குப் பொருள் விளங்காவிட்டாலும், யார் வெல்கிறார்கள் என்பது விளங்கிற்று. மறைக்க ஏதேனும் இருக்கும்போது மட்டும் அவர் நிதானமான தமிழில் பேசுவது வழக்கம்.

மறுநாள் காலையில் அவர் நிதானமான தமிழில், “சரிம்மா, உன் விருப்பப்படியே இருக்கட்டும்,” என்றார். வென்றுவிட்ட களிப்பில் அவள் அதைக் கவனிக்கத் தவறினாள்.

வெள்ளிக்கிழமை வண்டியூர் ஸ்டுடியோவின் மாடியில் ஒச்சாயி அம்மாள் தம் ஆட்கள் சூழ அமர்ந்திருந்தார். கல்யாண வீடுகளுக்குத் திரையும் ப்ரொஜெக்டரும் வாடகைக்கு விடும் காசிமாயன், பெரிய வெள்ளைத்திரையைக் கட்டி முடித்திருந்தார்.

“உன் லேப்டாப் வயர் இதுல சேராதும்மா,” என்றார் ஜனகராஜ், மிகவும் நிதானமாக. “நீ போன்ல ஆரம்பிச்சு வச்சுட்டு முன்னால உக்காரு. பெரிய திரையை நான் பாத்துக்கறேன்.”

அவள் கைப்பேசியில் பொத்தானை அழுத்தி, அதைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். திரையில் கோடு புறப்பட்டது. பத்து, இருபது, முப்பது! வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு சென்றது. முப்பத்தெட்டில் நின்றது.

எல்லாரும் பார்த்தார்கள். கோடும் அவர்களைப் பார்த்தது.

“என்னப்பா, படுத்துக்கிருச்சு?” என்றார் ஒச்சாயி அம்மாள்.

ஜனகராஜின் முகம் வெளுத்தது. “அது வந்துங்கம்மா, காத்து… கரண்டு…” என்றவாறு காசிமாயனை நோக்கிக் கையைக் காலை ஆட்டினார். காசிமாயன் இரண்டு கைகளையும் விரித்தார்.

ரம்யாஸ்ரீ எழுந்தாள்.

“காத்தும் இல்ல, கரண்டும் இல்லம்மா. பாட்டுச் சேக்குற இடம் கனம். வேலை நிக்குது, அதனால கோடு நிக்குது. நிக்கிறப்ப நிக்கிறேன்னு சொல்றதுதான் என் கோடு. சும்மா ஓடிக்கிட்டே இருக்குற கோடு வேணும்னா வேற ஆளப் பாத்துக்கங்க. நான் எழுத மாட்டேன்!”

பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. அம்மாவாக இருக்கும் என்று அதைப் பொருட்படுத்தாமல் அவள் நிமிர்ந்தே நின்றாள்.

ஒச்சாயி அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“எம்புட்டு வாயி! ஏத்தா, போன வருசம் ஒருத்தன் கோடு போட்டுக் குடுத்தான். சல்லுனு ஓடி, தொண்ணூத்தொம்பதுல போய் ரெண்டு நாளு குத்தவச்சுக்கிருச்சு. எழுமலையிலருந்து மாப்பிள்ளையோட தாய்மாமன் வேன் புடிச்சு வந்துட்டாரு, அந்த ஒண்ணு எங்கன்னு கேட்டு! இதே மாதிரி வழியிலயே நின்னு, நிக்கிறேன்னு சொல்லியிருந்தா நானும் சொல்லித் தொலைச்சிருப்பேன்ல?” ஜனகராஜின் பக்கம் திரும்பினார். “வேலை உங்களுக்குத்தான். ஆனா இந்தப் புள்ளைதான் எழுதணும். இது மேல யாரும் கை வைக்கப்படாது.”

“எங்க கம்பெனியோட கொள்கையே அதுதாங்கம்மா,” என்றார் ஜனகராஜ், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

ஒச்சாயி அம்மாள் தம் ஆட்களுடன் கீழே இறங்கினார். பின்னாலேயே ஜனகராஜும் ஓடாத குறையாக இறங்கினார்.

மாடியில் தனித்து நின்ற ரம்யாஸ்ரீக்கு அந்தக் கோட்டைக் கட்டியணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. உலகமே எதிர்த்து நின்றபோதும் அது பொய் சொல்லவில்லையே! அப்போதுதான் பையிலிருந்த கைப்பேசியின் நினைவு வந்தது. எடுத்துப் பார்த்தாள். அழைத்தது அம்மாவன்று. ‘உங்கள் கல்யாண வீடியோ தயார்’ என்ற செய்தி, அவள் பேசிக்கொண்டிருந்தபோதே வந்திருந்தது. கோடு நூறில் இருந்தது.

அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அங்கே இன்னும் முப்பத்தெட்டு.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த காசிமாயன், ப்ரொஜெக்டரின் பின்புறத்திலிருந்து எதையோ பிடுங்கி அவளிடம் நீட்டினார். திரை இருண்டது.

“இந்தா தங்கச்சி, உங்க சார் குடுத்த பென்டிரைவ். கோடு ஓடுற மாதிரி நேத்து எடுத்த வீடியோவாம். பாதியிலயே சிக்கிக்கிருச்சு. அடுத்த தடவையாச்சும் நல்லதா ஒண்ணு வாங்கச் சொல்லுங்க.”