ரசமட்டமும் ஒரு மரச்சில்லும்

கூப்பிட்டால் உதவிக்கு வருகிறவர்கள் உண்டு. கூப்பிட்டாலும் வராதவர்கள் உண்டு. இந்த இரண்டு கணக்கிலும் அடங்காத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு உதவி தேவையா என்று நீங்களே யோசித்து முடிப்பதற்குள் சொந்த ரம்பம், சொந்த அளவுநாடா, சொந்த அபிப்பிராயம் என்று மூட்டை கட்டிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து இறங்கிவிடும். இறங்கிய நிமிடத்திலிருந்து வேலை உங்களுடையது அல்ல. நீங்கள் ஓரமாக நிற்கலாம். காபி போட்டுத் தரலாம். அதைப் போடும் முறையிலும் உங்களுக்குத் தெரியாத நுணுக்கம் இருப்பதாக அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஓர் உருப்படி, வடக்கே வெர்ம்லாந்து மாகாணத்தில் எங்கள் ஏரிக்கரை ஊரில் இருக்கிறார். பெயர் பெர்ட்டில். ஆறடிக்கும் மேலே நாலு விரல். நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று அலுவலகச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார், ரசமட்டத்தைக் கொடுக்கவில்லை. அது அவருடைய சட்டையின் உள்பையில் இருக்கிறது, சாண் நீளத்தில், நடுவே பச்சைத் திரவமும் ஒரு குமிழுமாக. நடுக்கோடைத் திருவிழாவுக்கு நாங்கள் பூச்சுற்றி நிறுத்தும் கம்பத்தில் அதை வைத்துப் பார்த்து, ஆட வந்த குழந்தைகளை முக்கால் மணி நேரம் காக்க வைத்திருக்கிறார். மனைவி குன்வோரின் அறுபதாவது பிறந்தநாள் கேக்கின் மீது வைத்துப் பார்த்திருக்கிறார். மைத்துனரின் சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போது ரசமட்டத்தை வெளியே எடுக்கவில்லை, அதற்காக ஊரே அவரைப் பாராட்டலாம். ஆனால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கியதை எல்லோரும் பார்த்தோம்.

இப்படிப்பட்டவர்களுக்கு மூன்று வாக்கியங்கள் உண்டு. "சும்மா சொல்றேன்" என்றால் சும்மா விடமாட்டேன் என்று பொருள். "உன் இஷ்டம்" என்றால் உன் இஷ்டப்படி நடக்காது. "ஒரு மயிரிழைதான்" என்றால், ஐயோ, அன்றைய பொழுது போயிற்று என்று பொருள்.

போன இலையுதிர் காலத்தில் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு கீல் முறிந்து சாய்ந்தது. புதுக் கீல்கள் செய்ய தீசா என்ற பெண்ணிடம் சொல்லியிருந்தார்கள். ஊருக்கு வந்து எட்டு மாதமான கொல்லர் அவள். முப்பத்துநாலு வயது, ஐந்தடி உயரம், வாசற்கதவையே தோளால் நெம்பி எடுக்கும் உடம்பு. எட்டு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இதுதான். சனிக்கிழமை கல்லறைத் திருநாள். ஊர் முழுக்க மெழுகுவர்த்தியோடு வரும். அதற்குள் கதவு நிற்காவிட்டால், பட்டியலைப் பார்த்து நகரத்திலிருந்து ஆயத்தக் கதவு வாங்கிவிடுவது என்று தேவாலயத்தின் கட்டடக் குழு தீர்மானம் போட்டிருந்தது. அதன்பிறகு இந்த ஊரில் அவளிடம் யார் வேலை கொடுப்பார்கள்? கட்டடக் குழுவின் தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? கேட்க வேண்டுமா என்ன.

தீசாவிடம் எல்லாம் இருந்தது. உலை இருந்தது, சுத்தியல்கள் இருந்தன, இரும்பைக் காய்ச்சி வைத்து அடிக்க நூறு கிலோ அடைகல் அப்போதுதான் வந்திருந்தது. அதை உட்கார வைக்க ஒரு மரக்கட்டைதான் இல்லை. கடைவீதியில் யாரிடமோ இதைச் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு.

திங்கட்கிழமை காலை பெர்ட்டிலின் வண்டி வந்து நின்றது. பின்னால் ஒரு ஓக் மரத்துண்டு. புயலில் அவர் தோட்டத்தில் விழுந்தது. நல்ல கட்டை, குறை சொல்ல முடியாது. இலவசம் வேறு. இலவசமாக வருவதில் உள்ள சங்கடம் உங்களுக்குத் தெரியும்: கட்டை உங்களுடையதாகிறது, கட்டையைப் பற்றிய முடிவுகள் கொடுத்தவரிடமே தங்கிவிடுகின்றன.

"ரொம்ப நன்றி பெர்ட்டில். இறக்கி வச்சுடுங்க, நான் அறுத்துக்கறேன்" என்றாள் தீசா.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? கை வலிக்கும்" என்றார், நாள் முழுதும் இரண்டு கிலோ சுத்தியல் வீசுகிறவளிடம்.

அடைகல்லுக்கு உயரம் பார்க்கும் விதம் ஒன்றுண்டு. அடிக்கப்போகிறவர் நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, முஷ்டியை மடக்க வேண்டும். விரல் முட்டி எந்த உயரத்தில் நிற்கிறதோ, அங்கே அடைகல்லின் முகம் வர வேண்டும். பெர்ட்டிலுக்கு இது தெரியும். அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆகவே அவர் நிமிர்ந்து நின்றார், கையைத் தொங்கவிட்டார், முஷ்டியை மடக்கினார், தன் விரல் முட்டியின் உயரத்தைத் தானே அளந்து, அதில் அடைகல்லின் உயரத்தைக் கழித்து, மோட்டார் ரம்பத்தால் ஒரே இழுப்பில் அறுத்தார். அந்த நேரத்தில் அவர் மனதில் ஒரு சந்தேகத்தின் நிழல்கூட விழவில்லை. முஷ்டி என்றால் முஷ்டி. அவருடைய முஷ்டிக்கு என்ன குறை?

கட்டையைப் பட்டறைக்குள் நிறுத்தி, அடியைத் துளித்துளியாகச் சீவி, மாலைக்குள் ரசமட்டத்தின் குமிழை நட்டநடுவில் உட்கார வைத்துவிட்டார். தீசா பக்கத்தில் போய் நின்றாள். அடைகல்லை ஏற்றினால் அதன் முகம் அவள் இடுப்பெலும்பைத் தாண்டி வரும்.

"முக்கால் சாண் உயரம் ஜாஸ்தி பெர்ட்டில். இதுல அடிச்சா எனக்குத் தோள்பட்டை போயிடும்."

"உயரமா இருந்தா முதுகு வளையாது. பழகிடும்."

"தோள் பழகாதுங்க, பிஞ்சிடும். கீழ அறுத்துட்டா போதும். தரை மண்ணுதானே, சாய்ஞ்சா ஒரு கை மணல் போட்டு உக்கார வச்சுக்கறேன்."

மணல் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இருபத்தாறு வருட ஆய்வாளரிடம் மணலா? "உன் இஷ்டம்" என்றார். உங்களுக்குத்தான் இப்போது அர்த்தம் தெரியுமே. செவ்வாய்க்கிழமை காலை கையில் வரைபடத்தோடு வந்தார். இரவெல்லாம் யோசித்திருக்கிறார். கட்டையைக் குறைக்க வேண்டியதில்லை, தீசாவை உயர்த்திவிடலாம். அவள் ஏறி நின்று அடிக்க ஒரு பலகை மேடை, மூன்று பக்கமும் விளிம்பு, ஏற ஒரு படி.

"அடுத்த செவ்வாய்க்குள்ள முடிச்சுத் தர்றேன்" என்றார் பெருந்தன்மையோடு.

"சனிக்கிழமை கதவு நிக்கணுமே."

"அவசரப்பட்டா எதுவும் மட்டமா வராது, தீசா. சும்மா சொல்றேன்."

அன்று அவர் பலகை வாங்கக் கிளம்பியதும் தீசா ரம்பத்தைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் கீழே வைத்தாள். கட்டடக் குழுத் தலைவர் கொடுத்த கட்டையை, அவர் மட்டம் பார்த்து வைத்ததை, அவர் இல்லாத நேரத்தில் அறுப்பதா? கதவு நகரத்திலிருந்து வந்துவிடும். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்க்கலாம். நல்லது செய்கிறேன் என்று வருகிறவரை என்ன செய்வது?

தரையில் பெர்ட்டில் சீவித் தள்ளிய ஓக் சில்லுகள் கிடந்தன. அவற்றில் விரல் கனத்தில் ஒன்றை எடுத்தாள். கடப்பாரையால் கட்டையை ஓரமாக நெம்பி, அந்தச் சில்லை அடியில் அண்டைகொடுத்து இறக்கினாள். இரண்டு நிமிட வேலை.

புதன்கிழமை காலை பலகைகளோடு அவர் வந்ததும் வாசலிலேயே எதிர்கொண்டாள்.

"பெர்ட்டில், நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன். எனக்குக் கண்ணு சரியில்லையோ என்னவோ, கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி இருக்கு."

ரசமட்டத்தை வைத்தார். குமிழ் ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அவருடைய கழுத்து சிவந்தது. அந்த மனிதர் உள்ளபடியே வேதனைப்பட்டார், அதை நான் மறைக்கப் போவதில்லை. பிறகு ஒரு நொடியில் தேறிவிட்டார்.

"ஈர மரம். காயுது. நான் அன்னைக்கே சொன்னேன்."

அவர் சொல்லவில்லை. தீசா தலையை மட்டும் ஆட்டினாள்.

பலகை மேடை மறந்துபோயிற்று. கட்டையைச் சாய்த்து வெளியே உருட்டினார். சில்லு மற்ற சில்லுகளோடு தரையில் தங்கியது. தீசா அதன்மேல் பூட்ஸ் காலை வைத்துக்கொண்டாள். அவர் கணக்குப் போட்டு, சாய்வுக்கு எதிர்ச்சாய்வாக அடியை இரண்டு விரல் அறுத்து, உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். கணக்கு துல்லியம். அடியில்தான் இப்போது சில்லு இல்லை. குமிழ் எதிர்ப்பக்கம் ஓடியது.

"ஒரு மயிரிழைதான்" என்றார் பெர்ட்டில்.

அதன்பிறகு தீசா எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. கோபத்தோடு அறுத்தால் யாருக்கும் கை சற்று மிஞ்சிப்போகும். இடப்பக்கம் சாய்ந்ததற்காக வலப்பக்கம் அறுத்தார். வலப்பக்கம் இறங்கியதற்காக இடப்பக்கம் அறுத்தார். மரத்தைக் குறை சொன்னார், தரையைக் குறை சொன்னார், ரம்பம் செய்த கம்பெனியைக் குறை சொன்னார், ஒரு கட்டத்தில் ரசமட்டத்தையே திருப்பிப் பிடித்துச் சந்தேகமாகப் பார்த்தார். அது ஒன்றுதான் அன்று பட்டறையில் உண்மை பேசிக்கொண்டிருந்தது. அறுக்க அறுக்கக் கட்டை குள்ளமாகிக்கொண்டே வந்தது. தீசா அடைகல்லின் உயரத்தைக் கழித்துக் கதவு நிலையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தாள், தன் முஷ்டிக் கணக்கில். ஒவ்வொரு தடவையும் கட்டை உள்ளே வரும்போது ஓரக்கண்ணால் கோட்டைப் பார்த்துக்கொண்டாள்.

ஏழாவது அறுப்பு வியாழக்கிழமை காலையில். கட்டை கோட்டுக்கு வந்துவிட்டது. குமிழ் இன்னும் வரவில்லை. பெர்ட்டில் எட்டாவது அறுப்புக்கு ரம்பத்தைத் தூக்கினார். தீசா கதவு நிலைக் கோட்டை மறுபடி பார்த்தாள். இன்னொரு தடவை அறுத்தால் அவள் மண்டியிட்டுத்தான் இரும்படிக்க வேண்டும்.

அந்த நேரம் குன்வோர் இலவங்கப்பட்டை ரொட்டியும் காபிக் குடுவையுமாக வாசலில் வந்து நின்றாள். கட்டையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். அன்றும் சில்லின் மேலேயே நின்ற தீசாவின் பூட்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பெர்ட்டில், வெளிய வந்து குடி. ஆறிடும்."

"இரு, இன்னும் ஒரு மயிரிழை."

"ரொட்டி ஒரு பக்கம் மட்டும் உப்பியிருக்கு. வந்து பாரேன்."

அவர் போனார். போகாமல் இருக்க முடியுமா? திரும்பி வந்து ரசமட்டத்தை வைத்தபோது குமிழ் நட்டநடுவில் நின்றது, அசையாமல். பெர்ட்டில் நீண்ட மூச்சு விட்டார்.

"பாத்தியா? மரத்துக்கு மூச்சு விட நேரம் கொடுக்கணும். அதுக்குத்தான் காபி குடிக்கப் போனேன்."

அவர் வண்டி திரும்பியதும் தீசா கட்டையின் அடியிலிருந்து சில்லை உருவி ஜன்னலில் வைத்தாள். ஒரு கை மணலைப் போட்டுக் கட்டையை உட்கார வைத்தாள். அடைகல்லை ஏற்றி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, அன்று மதியமே உலையை மூட்டினாள். வெள்ளிக்கிழமை இரண்டு கீல்களும் முடிந்தன. சனிக்கிழமை பிற்பகல் கல்லறைத் தோட்டத்துக் கதவு ஒற்றை விரலால் தள்ளினாலே திறந்தது.

பெர்ட்டில் கதவருகில் நின்று, வந்தவர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னார். "அடைகல் கட்டை என்னோடது. பொண்ணு குள்ளம் பாருங்க, அதுக்கு ஏத்த உயரத்தை நான்தான் கணக்குப் பண்ணி இறக்கினேன். ஏழு தடவைல." தேவாலயச் செய்தித்தாளிலும் அப்படியே வந்தது: பெர்ட்டிலின் வழிகாட்டுதலில், தீசாவின் உழைப்பில். அதைப் படித்தபோது அவளுக்குக் காது மடல் எரிந்தது. ஆனால் அதே இதழின் கடைசி வரியில், வசந்தத்துக்குள் மற்ற நாலு கதவுகளையும் அவளே செய்வாள் என்று கட்டடக் குழு அறிவித்திருந்தது. செய்தித்தாளை மடித்து வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது குன்வோர் அவள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"எந்தப் பக்கம் வச்ச?"

"எதை?"

"பூட்ஸுக்கு அடியில வச்சிருந்தியே, அதை."

தீசா குனிந்து பூட்ஸ் நாடாவை இறுக்கினாள்.

"சமையலறை அலமாரி எனக்கு எட்டவே எட்டாது. இப்ப எட்டுது" என்றாள் குன்வோர். "ரை ரொட்டி வந்த அட்டையை மடிச்சு ஒரு கால் அடியில வச்சேன், அவரே அறுத்து அறுத்து இறக்கிட்டார். முப்பத்தோரு வருஷமாச்சு. ஜன்னல், கட்டில், கோழிக்கூடு, எல்லாமே அப்படித்தான்." பிறகு கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவர் போகிற வழியிலும் வேலிக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

இதைப் படிக்கும்போது உங்கள் மாமனாரோ, மாடிவீட்டுக்காரரோ, அலுவலக மேலாளரோ ஞாபகத்துக்கு வந்திருப்பார். சந்தோஷம். நடுவில் எங்கேயாவது, "நானா இருந்தால் முதலிலேயே அந்தப் பெண்ணின் முஷ்டியை அளந்திருப்பேன், அதுவும் ஓக் எடுத்திருக்க மாட்டேன்" என்றும் தோன்றியதா? தோன்றியிருந்தால் ஒன்றும் மோசமில்லை. உங்கள் வீட்டிலும் எல்லாம் உங்கள் யோசனைப்படிதான் நடந்துகொண்டிருக்கும். யாராவது இனிமையான குரலில் "நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்று கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். போனதும் கொஞ்சம் குனிந்து அடியிலும் பார்த்துவிடுங்கள்.