பந்திங்கில் ஒரு தொடைநடுங்கி

எங்களுடையது காதல் கல்யாணம் என்றுதான் ஊர் நம்புகிறது. உண்மையில் அது தொடை வலிக் கல்யாணம்.

கிள்ளானில் ஒரு பேஸ்பால் குழுவில் நான் கேட்சர், அதாவது பந்து அடிப்பவனுக்குப் பின்னால் ஆட்டம் முழுக்கக் குந்தியே கிடப்பவன். (மாற்று ஆள்தான். அப்போதைய காதலி மாலினியிடம் அதைச் சொல்லவில்லை.) அந்தச் சனிக்கிழமை கோச் சேகர் அண்ணன் சமநிலைப் பயிற்சி வைத்தார். தலையணை மேல் ஒற்றைக் காலில் குந்தி, கண்ணை மூட வேண்டும். அவர் தோளைப் பிடித்துத் தள்ளுவார். விழக்கூடாது.

"அண்ணே, நாளைக்குப் பொண்ணு கேக்கப் போறேன். இன்னைக்கு விட்டுருங்களேன்."

"பொண்ணு கேக்க வாய்தானே வேணும்? கால் எதுக்கு? குந்து லா!"

நாற்பது தடவை குந்தினேன். முப்பத்தொன்பது தடவை விழுந்தேன்.

மறுநாள் அப்பா அம்மாவோடு பந்திங் ஊரிலுள்ள மாலினி வீட்டுக்குப் போனேன். மாலினியின் அப்பா, "பந்து பொறுக்குறவனுக்கெல்லாம் பொண்ணு இல்ல" என்று ஏற்கெனவே ஒருமுறை சொல்லி அனுப்பியவர். இதுதான் கடைசி வாய்ப்பு. நாங்கள் வருவது தெரிந்தும் கைலியோடுதான் நின்றார். (நமக்கு எவ்வளவு மரியாதை என்று அப்போதே புரிந்துவிட்டது.)

வாசலிலேயே மாலினி காதைக் கடித்தாள். "அப்பா கால்ல விழு. டக்குனு எழுந்திரு. அவருக்கு டிராமா பிடிக்காது."

விழுந்தேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

"நல்லா இருங்க. எழுந்திரிங்க தம்பி."

தொடை அசையவில்லை.

"பரவால்ல அங்கிள்."

"அட, போதும். எழுந்திரிங்க!"

"கொஞ்ச நேரம் ஆகும் அங்கிள்."

என் பணிவைப் பார்த்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ மானம் போய், செத்துவிடலாம் போலிருந்தது. ஒரு வழியாகக் கையை ஊன்றிக் குந்தும் நிலைக்கு வந்தேன். தொடை நடுங்கியது. பின்னால் சாய்ந்தேன். சாயும்போது கைக்கு எட்டியதைப் பிடித்தேன். பிடித்ததை விடவே கூடாது என்பது கேட்சருக்குப் பாலபாடம்.

பிடித்தது கைலி.

அவர் இரண்டு கையாலும் இடுப்பை இறுக்கிக்கொண்டார். "விடுங்க தம்பி!"

"விட்டா விழுந்துருவேன் அங்கிள்!"

"ஐயோ, பொண்ணைத் தர்றேன்யா! கைலியை விடு!"

விட்டேன். முந்தின நாள் கணக்கு நாற்பதாகிவிட்டது.

நான் தரையில் கிடக்க, மாலினி நிதானமாகக் கேட்டாள். "எல்லாரும் கேட்டீங்கல்ல?"

மனுஷன் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் ஆசீர்வாதம் வாங்கப் போனால், வீடே சிரிக்கச் சிரிக்க, மாமனார் அறைக்குள் போய் பேண்ட் மாட்டி, பெல்ட்டும் போட்டுக்கொண்டு வந்துதான் காலைக் காட்டுகிறார்.