வண்டி நுழையும் வாசல்

சொற்களின் பூர்வீகத்தைத் தேடித் திரிகிறவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது. (என் மாமனார் கொடுத்துவிட்டார். அவர் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.)

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன புதிது. ஊருக்குத் திரும்பிய ஒரு துரையின் வீட்டை மாமனார் வாங்கியிருந்தார். தெருவாசலுக்கு மேலே சுண்ணாம்பில் பூங்கொடி இழைத்த வளைவு. அந்த மாதிரி வாசலுக்குப் பிரெஞ்சில் ‘போர்த் கொஷேர்’ என்று பெயர். ‘போர்த்’ என்றால் கதவு. ‘கொஷேர்’ என்றால் வண்டிக்கானது. அந்த வண்டியின் பெயரோ, வண்டி செய்வதில் பேர்போன ஹங்கேரிச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தது. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததோடு நிற்காமல், எங்கள் வீட்டில் நான் சொல்லாத ஆளில்லை.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளை தெருவிலேயே இறங்கி நடந்து வந்தால் போதும் என்று மாமனார் சொல்லியனுப்பியிருந்தார். வண்டிக்கென்றே கட்டிய வாசலில் நடந்து போவது வாசலுக்கு அவமானம், இறங்க மாட்டேன் என்று நான் பதில் அனுப்பினேன். (அளந்து பார்த்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்த மாப்பிள்ளை அல்லவா?) என் அத்தா தன் பங்குக்கு, சாரட்டு வண்டிக்கு மேலே மூங்கிலில் ஒரு பூக்கோபுரம் கட்டவைத்தார்.

சாயங்காலம் முதலியார்பேட்டையிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முகத்தை மூடித் தொங்கிய மல்லிகைச் சரங்களுக்குள் நான் மிதந்துகொண்டிருந்தேன். கடற்காற்று பூவை விலக்கும்போது தெரு கொஞ்சம் தெரியும், மறுபடி மறைந்துவிடும். எங்கோ நான் பார்க்காத ஒரு ஊரில் கிளம்பிய வண்டிகள் புழுதியில் உருண்டு, கப்பலேறி, எத்தனையோ தலைமுறை தாண்டி, என்னை மணப்பெண் ஜமீலாவின் வாசலுக்குக் கொண்டுபோவதாக நினைத்துக்கொண்டேன். அத்தனை சந்தோஷமாக இருந்தது எனக்கு.

அப்புறம் மளுக்கென்று ஒரு சத்தம். குதிரை உள்ளே, நான் வெளியே. பூக்கோபுரம் வளைவில் வசமாகச் சிக்கிவிட்டது. முன்னே இழுத்தால் சுண்ணாம்பு உதிர்ந்தது. பின்னே போகக் குதிரை ஒப்பவில்லை.

சம்பந்திகள் இருவருக்கும் மரியாதைப் போட்டி தொடங்கியது. வளைவை இடித்துவிடலாம் என்றார் மாமனார். கோபுரத்தை வெட்டிவிடலாம் என்றார் அத்தா. பெண் வீட்டு வாசலை உடைத்துக்கொண்டு வரும் மாப்பிள்ளையா என்று அத்தாவுக்குக் கோபம். மாப்பிள்ளை வண்டியில் கத்தி வைப்பதா என்று மாமனாருக்குக் கண் கலங்கியது. பேச்சு தடித்தது. நிக்காஹ் நின்றே போய்விடும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆனாலும் இறங்கலாம் என்று தோன்றவே இல்லை. இறங்க மாட்டேன் என்று சொன்னவனை இறங்கச் சொல்ல மற்றவர்களுக்கும் வாய் வரவில்லை.

அப்போது ஜமீலாவின் அண்ணன் உள்ளேயிருந்து வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு என் காதருகே சொன்னார்:

“மாப்ள, தங்கச்சி சொல்லி அனுப்புது. வாசல் வண்டிக்குன்னா வண்டி நிக்கட்டுமாம். தான் வண்டியக் கட்டிக்கப் போறதில்லையாம். நீங்க எறங்கி வருவீங்களாம்.”

அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. அந்த நிமிடமே அவளை எனக்கு ரொம்பப் பிடித்தும் போயிற்று. இறங்கினேன். குதிரைக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி, ஒற்றைச் செருப்போடு உள்ளே போய்ச் சேர்ந்தேன்.

இப்போதும் நான் ஏதாவது ஒரு சொல்லின் பூர்வீகத்தை ஆரம்பித்தால் வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பிள்ளைகள் எழுந்து வந்து, வண்டியிலிருந்து இறக்கிவிடுவது போல எனக்குக் கை நீட்டுகிறார்கள். ஜமீலா சிரிக்கிறாள். நானும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறேன்.