சிவப்புப் பொத்தானும் ஆறு நிபுணர்களும்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக, நெருப்பு விஷயத்தில் நடந்த மகத்தான நிகழ்ச்சி, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆஷ்பி மில்ஸ் என்ற எங்கள் ஊரில் வீட்டு உலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டதுதான். அது எந்த ஆண்டு என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. குழுவில் ஆறு பேர் என்று நினைக்கிறேன். ஏழு என்று சாதிப்பவர்களும் உண்டு. என் நினைவை நானே அதிகம் நம்புவதில்லை. ஆனால் ஆறு என்பதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தலைவர் வெண்டல் தர்லோ, ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். 'எண்ணெய் உலையின் பாதுகாப்பான பராமரிப்பு' என்ற நாற்பத்து மூன்று பக்கக் கையேட்டின் ஆசிரியர். நன்றியுரை மட்டும் பதினொரு பக்கம். குளிர்காலத்துக்கு முன் மெக்கானிக்கை அழைத்து வடிகட்டியை மாற்றுங்கள், எண்ணெய் பீய்ச்சும் மூக்கை மாற்றுங்கள், புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள் என்று மிகத் தெளிவாக எழுதியிருந்தார். வீட்டைச் சூடாக்குவதற்காக அவர் நிலவறையில் இருந்த உலையை ஆறு குளிர்காலமாக யாரும் திறந்து பார்க்கவில்லை. எழுதியவரே அதைச் செய்தும் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநாகரிகம்.

அந்த அநாகரிகத்தை அவர் மனைவி பெர்னிஸ் ஒவ்வோர் அக்டோபரிலும் செய்துவந்தாள்.

"ஒடீலைக் கூப்பிடு வெண்டல். உலை கிளம்பும்போதெல்லாம் இருமுது."

"இருமல் இல்ல, தொண்டையைச் செருமுது. மெக்கானிக் வண்டி நம்ம வாசல்ல நின்னா ஊர் என்ன நினைக்கும்? தலைவர் வீட்டு உலையே சரியில்லைன்னு நினைக்காதா?"

"சரியில்லைதானே?"

"அது வேற விஷயம்."

எங்கள் ஊரில் ஒவ்வோர் உலையின் மீதும் கம்பியில் ஓர் அட்டை தொங்கும். பழுதுபார்த்தவர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். வீடு வாங்க வருகிறவர்கள் கூரையைப் பார்ப்பதற்கு முன் அந்த அட்டையைத்தான் பார்ப்பார்கள். வெண்டல் வீட்டு அட்டையில் ஆறு வருடமாக ஒரே கையெழுத்து: "பார்த்தேன். நன்றாக இருக்கிறது. — வெ. தர்லோ." பொய் இல்லை. பார்க்கத்தான் பார்த்தார்.

அந்த ஜனவரியில் பெர்னிஸுக்கு ஒரே ஒரு கவலை. அடுத்த சனிக்கிழமை பேத்தி கொரீனுக்குக் கல்யாணம். அவளுக்குப் பரிசாகக் கொடுக்க மூன்று குளிர்காலம் உட்கார்ந்து, கையாலேயே தைத்த ஒட்டுப்போர்வை விருந்தினர் அறைக் கட்டிலில் விரித்துக் கிடந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். ஓரத்தில் இன்னும் இரண்டு சாண் தையல் பாக்கி. ஊசி அப்படியே குத்தியிருந்தது. கட்டிலின் காலடியில்தான் உலையின் வெப்பக் காற்று மேலே வரும் துவாரம்.

குழுவின் ஆண்டுக் கூட்டம் அன்று வெண்டல் வீட்டில். 'முன்மாதிரி உலை'யை உறுப்பினர்களுக்குக் காட்டப்போவதால், காலையில் அவர் நிலவறைக்கு இறங்கிப் பெரும் பராமரிப்பு ஒன்றைச் செய்து முடித்தார். உலையைத் திரும்பக் கிளப்பும் பொத்தானுக்குப் பளிச்சென்று சிவப்புச் சாயம் பூசினார்.

பதினொரு மணிக்கு உலை நின்றுபோனது. வெண்டல் கீழே போய், சாயம் இன்னும் காயாத பொத்தானை அழுத்தினார். உலை உறுமியது, செருமியது, அடங்கியது.

"ஓய்வெடுக்குது," என்று மேலே வந்து சொன்னார்.

பெர்னிஸ் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒடீல் வெலெட்டுக்குப் போன் போட்டாள். ஊரில் உலை பழுதுபார்க்கத் தெரிந்த ஒரே ஆள் ஒடீல். அதனாலேயே குழுவில் அவளுக்கு இடமில்லை.

"சிவப்புப் பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாங்க?"

"வெண்டல் ஒரு தடவை."

"அதோட விட்டுடச் சொல்லுங்க. அமுக்க அமுக்க எரியாத எண்ணெய் உள்ளே குளமா நிக்கும். ஒரு பொறி விழுந்தா மொத்தமும் ஒண்ணா பத்திக்கும். சுவிட்சை அணைச்சிட்டு யாரையும் கீழே விடாதீங்க. அரை மணியில வந்துடறேன்."

பெர்னிஸ் நிலவறைப் படியின் மேல்முனையில் இருந்த சுவிட்சை அணைத்தாள். அதற்குள் கூட்டத்துக்கு வந்து, குளிரில் கோட்டைக் கழற்றாமல் கூடத்தில் அமர்ந்திருந்த நிபுணர்களிடம் ஒடீல் சொன்னதைச் சொன்னாள்.

பாதிரியார் எல்வுட் புன்னகைத்தார். "கையேட்டின் பன்னிரண்டாம் விதி! ஒரு தடவைக்கு மேல் அழுத்தக் கூடாது. எங்களுக்கேவா பாடம், பெர்னிஸ்?"

யாரும் அழுத்துவதில்லை என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செயலாளர் தெல்மா அதைக் குறித்துக்கொண்டாள். வெண்டல் எழுந்து போய்ச் சுவிட்சைத் திரும்பப் போட்டார்.

"அணைச்சு வெச்ச உலையைக் காட்டி முன்மாதிரின்னு எப்படிச் சொல்றது?"

"வெண்டல், அந்தப் போர்வை..."

"காபி கொண்டா பெர்னிஸ். எல்லாரும் நடுங்கறாங்க."

ஊசியை எடுத்துப் போர்வையை மடித்து வைத்துவிட்டுக் காபி போடலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு காபி போடப் போனாள். அந்த ஒரு கணத்தை அவள் பின்னாளில் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

காபி கொதிக்கும்வரை சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னாள் தீயணைப்புத் தலைவர் கிளேட்டன் "வாசனை பிடிக்க" கீழே போனார். பாதிரியார் "ஆறுதலாக ஒரு ஜெபம்" என்று போனார். தெல்மா "பதிவுக்காக". மற்ற இருவர் காரணம் சொல்லும் சிரமத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. தனித்தனியாகப் போனார்கள். திரும்பி வரும்போது எல்லாருக்கும் வலதுகை கோட்டுப் பையில். எல்லார் முகத்திலும் ஒரே களை: மற்றவர்களுக்குத்தான் விதி; நமக்குத்தான் விஷயம் தெரியுமே.

கடைசி ஆள் படியேறிக் கதவைச் சாத்தவும், கீழே 'டம்' என்றது.

வீட்டில் இருந்த துவாரமெல்லாம் ஒரே மூச்சில் கரியைக் கக்கியது. ஆறு நிபுணர்களும் "போர்வை! போர்வை!" என்று கத்திக்கொண்டு, பெர்னிஸுக்கு முன்னால் ஓடி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து, அதைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றப்பட்ட போர்வை அடுப்படித் துணி போல இருந்தது.

ஒடீல் வந்தாள். சுவிட்சை அணைத்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். கீழே போய்ப் பொத்தானைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"யாரு அமுக்கினது?"

ஆறு பேரும் வலதுகையைத் திரும்பக் கோட்டுப் பைக்குள் விட்டார்கள்.

"தொழில்நுட்பக் கோளாறு," என்றார் வெண்டல்.

"அப்படியா தலைவரே? எல்லாரும் கட்டைவிரலைக் காட்டுங்க பாப்போம்."

பெர்னிஸ் மட்டும் காட்டினாள். மற்றவர்கள் கையைப் பையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒடீல் வற்புறுத்தவில்லை. போர்வையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கறுப்பின் மேல் பளிச்சென்று சிவப்புக் கட்டைவிரல் தடங்கள். எண்ணினாள்.

"ஆறு. நல்ல உலைங்க இது. அஞ்சு பேரைப் பொறுத்துக்கிச்சு."

பெர்னிஸ் கட்டிலில் உட்கார்ந்து, தைக்காத இரண்டு சாண் ஓரத்தைக் கையில் எடுத்தாள். ஊசி இன்னும் அங்கேயே இருந்தது.

மற்றதெல்லாம் சுருக்கம். ஒடீல் இரண்டு நாள் உலையைச் சுரண்டி, வடிகட்டியும் மூக்கும் மாற்றி, அட்டையில் தேதி போட்டாள். கொரீனுக்குக் கல்யாணம் ஆயிற்று. கடையில் வாங்கிய கம்பளி கொடுத்தார்கள். பாதிரியார் வேறு ஊருக்கு மாற்றலானார். கிளேட்டன் தன் வீட்டு உலையை எடுத்துவிட்டு விறகடுப்புக்கு மாறினார். வெண்டல் மறுபடியும் தலைவரானார். கையேட்டின் இரண்டாம் பதிப்பு ஐம்பத்தெட்டுப் பக்கம். 'எதிர்பாராத எரிதல்' என்று தெல்மா எழுதிய விசாரணை அறிக்கை ஊர் மன்ற அலமாரியில் இருக்கிறது.

பெர்னிஸ் போர்வையைத் துவைக்கவில்லை. பாக்கி இரண்டு சாணையும் வெள்ளை நூலில் தைத்து முடித்து, ஊர் மன்றத்தில் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிவிட்டாள். எடுக்கச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போடக் குழுவினருக்கு இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை. போர்வையில் மட்டும், படித்தவர்கள் ஆறு பேரும் கைநாட்டு வைத்திருக்கிறார்கள்.