கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஆட்டுத் தலை

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

இறைச்சியைப் பற்றி ஓர் ஊரில் கெட்ட செய்தி பரவினால் அவ்வூர் மக்கள் இறைச்சி உண்பதை நிறுத்திவிடுவார்கள் என்று தாங்கள் எண்ணக்கூடும். இளமையில் அடியேனும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் அவர்கள் அடுத்த ஊர்க் கடைக்குப் போகிறார்கள், நடப்பது அவ்வளவுதான். அந்த அடுத்த ஊர்க்காரர் எங்கே போகிறார்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. அதனால் என் கல்யாணம் ஓர் ஆட்டுத் தலையினால் குழம்பப் பார்த்த வரலாற்றை இங்கு எழுத முன்வந்துள்ளேன்.

தொண்ணூறுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், அக்கா குடும்பத்தோடு ஒரு தொடர்மாடி வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் வேலை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனாயினும், பழைய பத்திரிகைகளை ஓயாது வாசித்து, எனக்குத் தெரியாத விடயம் உலகில் இல்லை என்ற நிலையை எய்தியிருந்தேன். (அந்த நிலையிலிருந்து இப்போது வெகுதூரம் இறங்கிவிட்டேன்.)

அக்காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. ஆட்டிறைச்சி என்று விற்ற ஒரு கடையில், ஆடு அல்லாத எதையோ அதிகாரிகள் கண்டுபிடித்துக் கடையைப் பூட்டிவிட்டார்களாம். எந்தக் கடையென்று எவரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது என்ன இறைச்சி என்பதும் அப்படியே. எங்கள் மேல்மாடியில் குடியிருந்த குலசிங்கம் நாய் என்றார். பக்கத்து வீட்டுச் சரசக்கா மாடு என்றார். சொல்லிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார். என் அத்தான் கழுதை என்றார். (கொழும்பில் நாங்கள் எவரும் ஒரு கழுதையைக் கண்டதில்லை. அதுவே அத்தானின் வாதத்துக்குப் பலம் சேர்த்தது. “இருந்ததெல்லாம் எங்க போனது?” என்று கேட்டார். )

எங்கள் பகுதி இறைச்சிக் கடைகள் ஒரே வாரத்தில் வெறிச்சோடின. சிலர் மீனுக்கு மாறினார்கள். சிலர் முத்திரை குத்திய உறைந்த கோழியை நம்பினார்கள். நாக்கு ருசியை விட்டுக்கொடுக்க இயலாதவர்கள் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினார்கள். அத்துடன் எங்கள் ஒழுங்கையில் ஒரு புதிய வழக்கமும் தோன்றியது. இறைச்சி வாங்குபவர், ஆட்டின் தலையையும் உரோமம் கருக்காமல் வாங்கிவர வேண்டும். விருந்துக்கு வந்தவர்கள் முதலில் தலையைப் பார்ப்பார்கள். அது ஆட்டின் தலைதான் என்று திருப்தியடைந்த பின்னரே கை கழுவுவார்கள்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் கொட்டாஞ்சேனையில் இருந்தாள், பெயர் பவானி. அவளுடைய தகப்பனார் தம்பிராசா, தபாற் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சாதகம் பொருந்திவிட்டது. இனி அவரும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மதியம் சாப்பிட்டு, மாப்பிள்ளையையும் மாப்பிள்ளை இருக்கும் இடத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பவானியை நான் ஒருமுறை கோவிலில் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். அதன்பின் வேறு பெண் பேச வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

“அந்த மனுசனுக்கு ஆட்டிறைச்சி எண்டா உயிராம். நல்ல இறைச்சியாப் பாத்து வாங்கு. எல்லாம் உன்ர கையிலதான் கிடக்கு” என்றாள் அக்கா.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கடையில் கூட்டம் அவ்வளவாக இல்லை. (அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.) தலையும் வேண்டும் என்றேன். கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“வெள்ளவத்தைலருந்து வர்றவங்க எல்லாரும் தலைதான் கேக்கிறாங்க மாத்தயா. ஆட்டுக்கு ஒரு தலைதானே இருக்கு? நீங்க முதல்ல வந்தீங்க, எடுத்துட்டுப் போங்க.”

இறைச்சியையும் தலையையும் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். கொள்ளுப்பிட்டியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக, எங்கள் கடையில் வேலை செய்த ஒருவரை அதற்கு முந்திய மாதம் கூட்டிச் சென்று விசாரித்துவிட்டுத்தான் விட்டார்கள். என் பையின் அடியில் இரத்தம் கசிந்து சொட்டத் தொடங்கியிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் அதைக் கண்டுவிட்டார்.

“தம்பி, என்ன அது?”

“ஆட்டுத் தலை ஐயா.”

“உமக்கு விசரே? உதை உந்தக் கானுக்குள்ள எறிஞ்சுபோட்டு வாரும்!”

சாக்கடைக்குள் எறிந்திருக்கலாம். அறிவுள்ள எவனும் எறிந்திருப்பான். ஆனால் தலையில்லாத இறைச்சியைத் தம்பிராசா ஐயாவின் முன்னால் வைப்பது எங்ஙனம்? நான் எறியவில்லை. என் முறை வந்தது.

“மேக்கே மொனவத?” என்று சிப்பாய் பையைக் காட்டிக் கேட்டார். இதற்குள் என்னவென்று அர்த்தம்.

“எளு ஒளுவக், மஹத்தயா” என்றேன். ஆட்டுத் தலை என்பதற்கு எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவே. சொன்னதோடு நில்லாமல், சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாதென்று, தாளை விலக்கித் தலையை இரண்டு கைகளாலும் தூக்கியும் காட்டினேன். எனக்குப் பின்னால் வரிசை இரண்டடி பின்வாங்கிற்று. சிப்பாயும் தலையும் சற்றுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர்.

தலை எதற்கு என்று கேட்டார். கையாலும் முகத்தாலும் அரைகுறைச் சிங்களத்தாலும் முழு விபரத்தையும் சொன்னேன். நாயையும் மாட்டையும் கழுதையையும் நடித்துக் காட்ட நேர்ந்தது. அவர் தலையை ஆட்டினார், அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். அவர் கேட்ட செய்தியில் அந்தக் கடை ஹெந்தளையில் இருந்தது. பின் குரலைத் தாழ்த்தி, “கடே கொஹெத?” என்று நான் வாங்கிய கடை இருக்கும் இடத்தைக் கேட்டறிந்துகொண்டு, என் அடையாள அட்டையைப் பாராமலே போகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து தலையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டில் வைத்தேன். என்னைவிடத் திறமைசாலி கொழும்பில் இல்லை என்று அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

ஞாயிறு மதியம் தம்பிராசா ஐயாவும் மனைவியும் வந்தார்கள். அக்காவின் கறி வாசம் ஒழுங்கை முனைவரை போயிருந்தது. சோறு போட்டு, கறி போட்டு, ஐயா முதற்பிடியைக் குழைத்துக் கையில் எடுத்துவிட்டார்.

“நல்ல வாசமா இருக்கு. இறைச்சி எங்க வாங்கினனீங்கள் தம்பி?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

“கொட்டாஞ்சேனையில ஐயா. இங்க வெள்ளவத்தையில நாங்கள் இப்ப வாங்கிறேல்லை. கேள்விப்பட்டிருப்பியள்தானே?”

ஐயாவின் கை பாதி வழியில் நின்றது. அவருடைய மனைவி தம் கையைத் தட்டிலிருந்து மெதுவாக எடுத்தார்.

“கொட்டாஞ்சேனையிலயோ?” என்றார் ஐயா. “அங்கத்தைய கடையைத்தானே தம்பி பூட்டினவங்கள்! நாங்கள் இப்ப வெள்ளவத்தைக்கு வந்தெல்லோ இறைச்சி வாங்கிறம்!”

ஒரு பஸ்ஸில் வெள்ளவத்தைக்காரர் கொட்டாஞ்சேனைக்கும், எதிரே வந்த பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்காரர் வெள்ளவத்தைக்கும், ஒரே பயத்தோடு ஒருவரையொருவர் கடந்து போய்க்கொண்டிருந்தோம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருந்தும் நான் கலங்கவில்லை. என்னிடம் அத்தாட்சி இருந்தது.

“பயப்பிடாதேங்கோ ஐயா. தலை இருக்குது. செக்பொயின்ரில ஆமிக்குத் தூக்கிக் காட்டி, எறியச் சொன்ன ஆக்களுக்கும் மறுத்து, நானே கொண்டு வந்தனான். இந்தா எடுத்துக்கொண்டு வாறன்.”

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். தட்டையும் காணோம், தலையையும் காணோம். அக்கா பின்னால் வந்து என் காதுக்குள் சொன்னாள்.

“சரசக்கா காலமை கேட்டவ. அவவின்ர வீட்டிலயும் இண்டைக்கு விருந்தாம். காட்டிப்போட்டு உடன தாறன் எண்டவ.”

“அவ இறைச்சி எங்க வாங்கினவ?”

“அது எனக்கென்னண்டு தெரியும்?”

நான் கதவுப் பக்கம் திரும்பு முன்னரே கதவு திறந்தது. மேல்மாடிக் குலசிங்கம், எங்கள் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, நேரே விருந்தினர் நடுவில் வந்து நின்றார். தட்டின் நடுவே தலை. ஒரு நாள் முழுதும் ஊர் சுற்றிய களைப்பு அதன் முகத்தில் தெரிந்தது.

“மெத்தப் பெரிய உபகாரம் தங்கச்சி. எங்கட சம்பந்தி ஆக்கள் நம்பிட்டினம். வயிறு நிறையச் சாப்பிட்டினம்” என்று அக்காவிடம் சொன்னார்.

அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த சரசக்கா, “நான் உங்களுக்கு அரை மணித்தியாலத்துக்கெல்லோ தந்தனான் குலசிங்கம்! இவையின்ர ஆக்களும் பாக்க வேணுமெல்லே!” என்று அவரைக் கண்டித்தார்.

அத்தான் நிலைமையைச் சீர்செய்யும் நோக்கத்துடன், “நல்ல தலை ஐயா” என்றார்.

தம்பிராசா ஐயா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலையைப் பார்த்தார். பின் குலசிங்கத்தைப் பார்த்தார்; சரசக்காவைப் பார்த்தார்; கடைசியாக என்னைப் பார்த்தார்.

“தம்பி, இந்த ஒரு தலைக்கு எத்தினை உடம்பு?”

அதற்குரிய மறுமொழி எந்தப் பழைய பத்திரிகையிலும் நான் வாசித்திருக்கவில்லை. அவர்கள் இறைச்சியை ஒதுக்கிவிட்டு, பருப்பும் சொதியும் கத்தரிக்காய்க் குழம்புமாகச் சாப்பிட்டு, “பிறகு அறிவிக்கிறம்” என்று மரியாதையாகச் சொல்லிப் புறப்பட்டார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது எங்கள் சமூகத்தில் அனைவரும் அறிந்ததே. அன்று மாலை அக்காவின் இறைச்சிக் கறியை நானும் தொடவில்லை. அத்தான் மட்டும் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். கழுதையாயினும் கறி நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

மறுவாரம் நான் வேலை செய்த கடைக்குத் தொலைபேசி வந்தது. சம்மதம் என்றார் தம்பிராசா ஐயா. காரணம் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பின்னர் என் மாமியார்தான் சொன்னார். அன்று வீடு திரும்பிய ஐயா, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றே பேச்சைத் தொடங்கினாராம்.

“செக்பொயின்ரில அவனவன் தன்ர உயிரைக் காப்பாத்த நிக்கிறான். இந்த விசரன் ஆட்டுத் தலையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கிறான். எறியெண்டு சொல்லியும் எறியேல்லையாம்.”

குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற பவானி கேட்டிருக்கிறாள். “அப்பா, ஒரு ஆட்டுத் தலையையே விட்டிட்டு வராத மனுசன், என்னை எங்கயும் விட்டிட்டு வருவாரே?”

அந்த ஆண்டுகளில், வெளியே போன ஆண்கள் வீடு திரும்பும்வரை பெண்கள் வாசலிலேயே நின்ற நாட்களில், ஐயா அதைக் கேட்டதும் என் கடையின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்தாராம்.

கல்யாணத்தின் பின் இரு குடும்பமும் கூடிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வெள்ளவத்தையும் வேண்டாம், கொட்டாஞ்சேனையும் வேண்டாம், பம்பலப்பிட்டியில் வாங்குவது. பம்பலப்பிட்டிக்காரர் எங்கே வாங்குகிறார்கள் என்பதை நாங்கள் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் மீன்தான் மிஞ்சியிருக்கும்.

இன்றும் நான் எதையாவது சற்று உயர்த்திச் சொல்லத் தொடங்கினால், பவானி குசினியிலிருந்து கேட்பாள்: “தலை இப்ப ஆரின்ர வீட்டில நிக்குது?” நான் நிறுத்திக்கொள்வேன். பிறநாட்டில் வாழும் எம் பிள்ளைகளும் தம் நண்பர்களுக்கு இக்கதையைச் சொல்கிறார்கள். ஆனால் மகன் சொல்லும்போது தலை மூன்றாகிவிட்டது. மகள் சொல்லும்போது ஆடு உயிரோடு பஸ் ஏறுகிறது. பேரப்பிள்ளைகளிடம் போய்ச் சேரும்போது அது கழுதையாகவே ஆகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

ஆகவே, ஐயா, அம்மணி, தலை ஒன்றுதான். அது ஆட்டின் தலைதான். இந்தத் தாள்களைத் தயவுசெய்து எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.