‘என்ன படம்?’ மாமாவின் பட்சணக் கடை

ஜாடி நிறைய சரக்கை வைத்துக்கொண்டு, காசோடு வந்து நிற்கிறவரை வெறும் பையோடு திருப்பி அனுப்புகிற வியாபாரி இந்தச் சென்னையில் ஒரே ஒருவர்தான். மந்தைவெளியில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் அவர் கடை வைத்திருந்தார். அவருடைய நிஜப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. தெருவில் யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. ‘என்ன படம்’ மாமா என்றால் ஆட்டோக்காரர் நேராகக் கடை வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் எதிர் அடுக்ககத்தின் கீழே, ஒரு கார் நிற்க வேண்டிய இடத்தைச் சுவர் வைத்து அடைத்து, முன்னால் ஒரு கண்ணாடி அலமாரி. மாமா ஏதோ இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் மாடி வீட்டில் மாமி பட்சணம் செய்வார், கீழே இவர் விற்பார். அதாவது, விற்காமல் இருப்பார்.

நாங்கள் குடிவந்த புதிதில் என் நாத்தனார் வந்திருந்தாள். காபியோடு கொடுக்க ஏதாவது வேண்டுமே என்று அந்தக் கடைக்குப் போய்க் கால் கிலோ தட்டை கேட்டேன். மாமா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

“என்ன படம்?”

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. தட்டைதான் மாமா, கால் கிலோ என்றேன் மறுபடியும்.

“தட்டை சரி. அதைத் தின்னுண்டு என்ன படம் பாக்கப்போறேள்?”

படமெல்லாம் இல்லை, சும்மா சாப்பிடத்தான் என்றேன். அந்த ‘சும்மா’ அவரை என்னவோ செய்துவிட்டது. திறந்த ஜாடியை மூடினார். ஆத்துல எல்லாரும் கலந்து பேசி, என்ன படம்னு ஒரு முடிவுக்கு வந்துட்டு வாங்கோ, நான் எங்கேயும் போயிடமாட்டேன் என்று தன்மையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம், “நாம என்ன படம் பார்க்கப்போறோம்?” என்று கேட்டேன். அவள் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தாள். வீடு மாறிய அலைச்சலில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

போகப்போகத்தான் மாமாவின் சட்டதிட்டங்கள் பிடிபட்டன. துப்பறியும் படமென்றால் ஓமப்பொடி. கடித்தால் சத்தம் வராது, கொலைகாரன் பெயரை யாராவது முணுமுணுத்தால்கூடக் காதில் விழும். அழவைக்கிற குடும்பப் படத்துக்கு ரிப்பன் பக்கோடா. நறுக்நறுக்கென்ற சத்தத்தில் நம் விசும்பல் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் போய்விடும். பேய்ப் படத்துக்குச் சீடை கிடையவே கிடையாது, பயத்தில் பல்லைக் கடித்தால் பல் வைத்தியரிடம் யார் அலைவது என்பார். சிரிப்புப் படத்துக்கு மிக்சர் கேட்டுக் கெஞ்சிய ஒருவரை, கடலை புரையேறிப் போன உயிர்களைப் பற்றிச் சொல்லியே விரட்டிவிட்டார்.

என் கணவர் சுந்தருக்கு இதெல்லாம் பிடிக்காது. அவர் உண்டு, அவர் கைப்பேசி உண்டு, காதில் ஒரு இயர்போன் உண்டு என்று இருப்பவர். ஒருநாள், வாய்க்கு வந்த படத்தின் பெயரைச் சொல்லிக் காராசேவு வாங்கிக்கொண்டு வருகிறேன் பார் என்று சவால் விட்டுப் போனார். திரும்பி வந்தபோது கையில் அதிரசம் இருந்தது. முகத்தில் குழப்பம் இருந்தது. அந்தப் படத்தின் பின்பாதி கசக்கிறதாம், பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்களாம், அதனால் இனிப்புதான் சரி என்று கட்டிக் கொடுத்துவிட்டாராம். அதோடு போயிற்றா? வாங்கிவிட்டோமே என்று அன்று சாயங்காலம் சுந்தர் என்னை உட்காரவைத்து அந்தப் படத்தைப் போட்டார். பின்பாதி நிஜமாகவே சகிக்கவில்லை. அதிரசம் மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போமோ தெரியாது.

மறுநாள் மாமா எங்களைப் பிடித்துக்கொண்டார். கதை என்ன, யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், கடைசியில் என்ன ஆயிற்று? ஜாடி மூடியைக் கையில் பிடித்தபடி, கண்ணிமைக்காமல் கேட்டார். பின்னால் நாலு பேர் காத்திருந்தது அவர் கண்ணில் படவே இல்லை. எனக்கு அங்கேதான் ஒரு சந்தேகம் வந்தது. சினிமாவைக் கரைத்துக் குடித்தவர் மாதிரி பேசுகிற இந்த மனிதருக்கு எந்தப் படத்தின் முடிவும் தெரியவில்லை. பாதியில் எழுந்து போனவரைப் போலவே எல்லாப் படத்தையும் பற்றிப் பேசினார்.

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப்பில் கடையைச் சேர்த்துவிட்டது மாமிதான். முதல் ஆர்டரை எடுக்க வந்தவர் குமார். தேனாம்பேட்டை ஆபீஸ் ஒன்றுக்குக் காராசேவு. மாமா வழக்கமான கேள்வியைக் கேட்டார். குமார் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“நைனா, துன்றது வேற ஆளு. அவரு இன்னா படம் பாக்கறாரோ எனக்கு இன்னா தெரியும்? காராசேவுன்னு போட்டுக்கீது, குடு.”

மாமா விடுவாரா? ஆர்டர் கொடுத்தவரைப் போனில் கூப்பிட்டார். அவர் ஏதோ மீட்டிங்கில் இருந்தார் போலிருக்கிறது. யாரோ கடன் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். மாமா மறுபடி கூப்பிட, அவர் மறுபடி வைக்க, இதற்கிடையில் சும்மா நிற்பானேன் என்று குமார் தான் முந்தின வாரம் பார்த்த படத்தைச் சொல்ல ஆரம்பித்தார். சண்டைக் காட்சி வந்தபோது நடுத்தெருவில் நின்று செய்தே காட்டினார். காராசேவு போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு, யார் வீட்டுக்கு யார் கடைச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனாலும், குமாரின் வண்டி அந்த வாசலில் ஒரு நிமிஷம் நிற்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்குத்தான் தி.நகரிலிருந்து ஆள் வந்தது. அங்கே நாலு மாடிக்குக் கடை வைத்திருக்கிற முதலாளி ஒருவர், ஏதோ கல்யாணத்தில் மாமியின் தட்டையைச் சாப்பிட்டுவிட்டு மயங்கியிருக்கிறார். வாராவாரம் எல்லா பட்சணமும் வேண்டும் என்று மேனேஜரை அனுப்பியிருந்தார். மாமிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பல வருஷமாக முறுக்கு அச்சைப் பிழிந்து பிழிந்து அவருக்கு வலது தோள் தூக்க முடியாமல் இருந்தது. உதவிக்கு ஆள் போடலாம், மாவு பிசைய மெஷின் வாங்கலாம் என்று என்னிடம் ஆசையாகச் சொல்லியிருந்தார்.

மேனேஜர் வந்தபோது நானும் கடையில் இருந்தேன். மாமா அவருக்கு மோர் கொடுத்து உபசரித்தார். எல்லாம் பேசி முடியும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க கடையில வாங்கிண்டு போறவா, திரும்பி வந்து படம் எப்படி இருந்ததுன்னு சொல்லுவாளா?”

மேனேஜர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு அவரும் நிறுத்திக்கொண்டார். வாங்கியவர்கள் திரும்பி வருவது ஏதாவது மாற்றிக் கேட்கத்தான் சார் என்று உள்ளதைச் சொன்னார். அப்படியானால் இது சரிப்படாது என்று மாமா கைகூப்பிவிட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஓமப்பொடியைப் பார்த்தேன்.

மாடிப்படியில் நின்று மாமி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.  மேலே போய் அடுப்பை அணைத்தார், ஒரு பையில் நாலு புடவையை எடுத்து வைத்துக்கொண்டார், திருவான்மியூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அதன்பின் கடை திறந்திருந்தது, ஜாடிகள் காலியாக இருந்தன. மாமாவைக் கண்டு துக்கம் விசாரிப்பதா, வேடிக்கையாகப் பேசுவதா என்று தெருவுக்கே புரியவில்லை. ஏன் மாமா வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார். என்னிடம், தி.நகர் தூசி தட்டைக்கு ஆகாது என்றார். சுந்தரிடம், நாலு மாடி ஏறினால் முறுக்கு நொறுங்கிவிடும் என்றார். குமாரிடம் என்ன சொன்னாரோ, அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, “பெர்சு என்னமோ உள்ள வெச்சுக்கினு வெளிய வேற பேசுதுக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு மாமா தானே அடுப்பில் இறங்கினார். முதல் மாடி ஜன்னலில் புகை வந்தது. வாட்ச்மேன் தண்ணீர் வாளியோடு மேலே ஓடினார். அன்று தயாரான தேங்குழல், கோபத்தில் யாரோ பிய்த்துப்போட்ட நூல்கண்டு மாதிரி இருந்தது. மனசு கேட்காமல் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, இது எந்தப் படத்துக்கு மாமா என்று கேட்டேன். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது... படமே பாக்காதவாளுக்கு,” என்றார்.

அதிலேயே கொஞ்சம் ஒரு டப்பாவில் போட்டு, திருவான்மியூர்ப் பக்கம் போனால் மாமியிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். மருந்தீஸ்வரர் கோவிலுக்குப் போய் நாளாயிற்று என்று நானும் கிளம்பினேன்.

மகள் வீட்டுக் கூடத்தில் மாமி ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. டப்பாவைத் திறந்து ஒரு துண்டைக் கடித்தார். உடையவில்லை. மேஜை விளிம்பில் தட்டினார். அதற்கும் உடையவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டே சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மாமா தினமும் மத்தியானம் போன் பண்ணுகிறாராம். மன்னிப்புக் கேட்கவோ, வரச்சொல்லவோ இல்லை. சினிமாக் கதை சொல்ல. முந்தின நாள் சொன்ன கதையில் போலீஸாக ஆரம்பித்த கதாநாயகன் நடுவில் கிராமத்து வாத்தியாராகிவிட்டானாம், கதாநாயகி கடைசியில் விண்வெளியில் இருந்தாளாம். மூன்று பேர் சொன்ன மூன்று படத்தை ஒன்றாகக் கலந்துவிட்டார் என்று மாமிக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் உம் கொட்டிக் கேட்டிருக்கிறார்.

எனக்குத் தலை சுற்றியது. அவரே ஒரு படத்தை முழுதாகப் பார்த்துச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

“விடிகாலையிலேர்ந்து அடுப்படியில நிக்கறேனாம்மா. சாயங்காலம் படம் போட்டா, பேர் போடறச்சயே தூங்கிடுவேன். முழிச்சுண்டு பாத்தா டிவியை அணைச்சிருப்பார். கடைசியில என்ன ஆச்சுன்னு கேட்டா அவருக்கும் தெரியாது. ‘இரு, கடைக்கு வரவாகிட்ட கேட்டுச் சொல்றேன்’னு ஆரம்பிச்சார். அப்படியே பழகிப்போச்சு.”

தெருவே ஆடிய ஆட்டம் எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தி.நகர் விஷயமும் அதுதானா என்று கேட்டேன். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதே புரிந்துவிட்டது என்றார் மாமி. ஆனால் கோபம் இருக்கத்தான் இருந்தது. தோள் வலி இவருடையது, வேண்டாம் என்று சொன்னது அவர். “என்னண்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேருமா யோசிச்சிருப்போமோல்லியோ?” என்றார். 

மறுநாள் காலை மாமி மந்தைவெளியில் இருந்தார். எண்ணெயை இப்படி வீணாக்கிவிட்டாரே என்று பார்க்க வந்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னார். மாமாவைக் கேட்காமல் தி.நகருக்குத் தானே போன் செய்தார். தட்டை மட்டும் கொடுப்பது, மற்றதெல்லாம் நம் கடையில் என்று முடிவு செய்தார். உதவிக்குக் குமாரின் மனைவி செல்வியைச் சேர்த்துக்கொண்டார். ஞாயிறு சாயங்காலம் கடை கிடையாது என்று ஓர் அட்டையும் தொங்கவிட்டார். மாமா எதையும் எதிர்க்கவில்லை. தட்டை எந்தப் படத்துக்கும் ஒத்துப்போகும், அதை யாருக்கும் கேள்வி கேட்காமல் விற்கலாம் என்று புதிதாக ஒரு சட்டம் போட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு சாயங்காலம், மாமியின் தூக்குப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. டிவியில் ஒரு படம் அப்படியே நின்றிருந்தது. ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு கிழவரும் கிழவியும். நான் பார்த்த படம்தான். சோபாவில் மாமி, மாமாவின் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மாமா கையில் ரிமோட்டோடு, அசையாமல் உட்கார்ந்து அந்த நின்றுபோன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

சத்தத்தைக் குறைத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கலாமே என்று சைகை காட்டினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“அவ இல்லாம நான் மட்டும் எப்படிப் பாக்கறது?” என்றார், காற்றில் கரைகிற குரலில்.

தூக்கைத் தரையில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனதும் மாமா ஜாடியைக்கூடத் தொடவில்லை. “அந்த ரயில்வே ஸ்டேஷன் படம் நீ பாத்திருக்கியோன்னோ? கடைசியில என்ன ஆறது?” என்றார். மாடிப்படியில் மாமியும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் படத்தில் கிழவி போய்ச் சேர்ந்துவிடுவாள், கிழவர் தனியாக ரயிலேறுவார்.

“ரெண்டு பேரும் சேர்ந்தேதான் ரயிலேறறாங்க மாமா,” என்றேன்.